செவுள் வலை எந்த நீள மீனைப் பிடிக்கிறது? கணக்கிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடிப் பக்கம் பொடிவலை, பருவலை, சாளை வலை, திருக்கை வலை, நண்டு வலை, சிங்கி வலை என்று செவுள் வலைகளுக்கு, அதாவது கண்ணிக்குள் நுழையும் மீனைச் செவுளில் நூல் மாட்டிப் பிடிக்கும் வலைகளுக்கு, தனித்தனிப் பெயர் உண்டு. பெயர் மாறுவதற்கு முக்கியக் காரணம் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை அளவு. கண்ணி மாறினால் மாட்டுகிற மீனும் மாறும் என்பது வலை கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எவ்வளவு மாறும் என்பதை எண்ணாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. இந்தக் கண்ணியில் 18 செ.மீ. கானாங்கெளுத்தி எந்த அளவுக்கு மாட்டும், 24 செ.மீ. மீன் எந்த அளவுக்கு மாட்டும், கண்ணியை 3 மி.மீ. பெரிதாக்கினால் சின்ன மீன் எவ்வளவு தப்பும் என்பதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய அளவீட்டுக்கு வலையின் தெரிவுத்திறன் என்று பெயர்.

கண்ணி அளவைப் பற்றிய விதி போடுகிறவர்களுக்கு மட்டும் உரிய கணக்கு இல்லை இது. மீன்வளம் படிக்கிற மாணவர்கள் இறங்குதளத்தில் போய்ப் பல மாதம் மீன் நீளம் அளக்கிறார்கள். அந்த நீளப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வளர்ச்சி, இறப்பு விகிதம் என்று கணக்கிட உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் செவுள் வலையிலிருந்து வந்ததென்றால் அதில் சின்ன மீன் குறைவு, பெரிய மீனும் குறைவு, நடுவில் ஒரு குவியல். கடலிலேயே அப்படித்தான் இருக்கிறதா, வலை அப்படிப் பொறுக்கிக் கொடுத்ததா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய மீன் வலையில் வராததை எல்லாம் செத்துப்போனதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். இறப்பு விகிதம் தாறுமாறாக ஏறும். அதனால் செவுள் வலை மீனை வைத்து எந்தக் கணக்கு போடுவதானாலும், வலை எதை விட்டுவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணிக்குள் என்ன நடக்கிறது

இழுத்துப் பிடித்த கண்ணி 50 மி.மீ. என்றால் அதன் உட்சுற்றளவு 100 மி.மீ. மீனின் தலை அந்தச் சுற்றளவுக்குள் நுழைய வேண்டும். உடம்பின் பெருத்த பகுதி நுழையக் கூடாது. இந்த இரண்டும் ஒத்துவந்தால்தான் மீன் மாட்டும். சின்ன மீன் உடம்போடு புகுந்து போய்விடும். பெரிய மீனுக்குத் தலையே நுழையாது, முட்டிவிட்டுத் திரும்பிவிடும். நடுவில் ஒரு நீளம் இருக்கிறது, அந்த நீள மீன்தான் வசமாக மாட்டும். அதை உச்ச நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பக்கமும் மாட்டும் வாய்ப்பு சரிந்துகொண்டே போகும். படமாக வரைந்தால் மணி வடிவத்தில் ஒரு வளைகோடு வரும்.

மாட்டுவதிலும் வகை உண்டு. செவுள் மூடிக்குப் பின்னால் நூல் ஏறி நிற்பது ஒன்று. முதுகுத் துடுப்புக்கு முன்னால் உடம்பு இறுகி நிற்பது இன்னொன்று. வாயிலோ பல்லிலோ நூல் சிக்குவது மூன்றாவது. கண்ணிக்குள் நுழையாமலே வலைத்துணியில் சுருண்டுகொள்வது நான்காவது. முதல் இரண்டும் கண்ணி அளவுக்குக் கட்டுப்பட்டவை. கடைசி இரண்டும் அப்படி இல்லை. தலை நுழையாத பெரிய மீனும் அப்படி மாட்டும். 1973-இல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வு, வால்ஐ என்ற நன்னீர் மீனில் இதைத் தெளிவாகக் காட்டியது. அடையாளமிட்ட மீனை வைத்து நேரடியாகக் கணக்கிட்டபோது வளைகோட்டில் ஒன்றுக்கு இரண்டு மேடு வந்தது. ஒன்று இறுகி மாட்டியவற்றுக்கு, மற்றது சிக்கிக்கொண்டவற்றுக்கு. கானாங்கெளுத்தி, மத்தி போல வழுவழுப்பான, முள் துருத்தாத மீனுக்குப் பெரும்பாலும் ஒரே மேடுதான். கெளிறு, நண்டு போல முள்ளும் காலும் உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

1914-இல் ரஷ்யாவின் ஃபியோடர் பாரனோவ் ஒரு எளிய கொள்கையைச் சொன்னார். ஒரே இனத்தின் சின்ன மீனும் பெரிய மீனும் உருவத்தில் ஒரே மாதிரி, அளவில்தான் வேறு. எல்லாக் கண்ணியும் அப்படித்தான். ஆகவே மீனின் நீளத்துக்கும் கண்ணிக்கும் உள்ள விகிதம்தான் மாட்டுவதைத் தீர்மானிக்கிறது. கண்ணி ஒரு பங்கு கூடினால் உச்ச நீளமும் அதே பங்கு கூடும். இன்றைக்கு வரை செவுள் வலைக் கணக்கு எல்லாம் இந்த ஒரு கொள்கை மேல்தான் நிற்கிறது.

ஏன் இரண்டு வலை வேண்டும்

கடலில் எந்த நீளத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு வலையே போதும். வந்ததை இருந்ததால் வகுத்துவிடலாம். குளத்தில், அடையாளமிட்டு விட்ட மீனை வைத்து அப்படிச் செய்யலாம். மன்னார் வளைகுடாவில் செய்ய முடியாது.

அதனால் மறைமுக வழி. வெவ்வேறு கண்ணி உள்ள இரண்டு வலைகளை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கூட்டத்தில் விடுகிறோம். ஒரு குறிப்பிட்ட நீளத்தில் கடலில் எத்தனை மீன் இருந்தாலும் அது இரண்டு வலைக்கும் பொது. ஒன்றை மற்றதால் வகுத்தால் தெரியாத அந்த எண் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இரண்டு வலையின் தெரிவுத்திறன் விகிதம் மட்டும். பிரிட்டனின் சிட்னி ஹோல்ட் 1963-இல் வெளியிட்ட முறையின் உயிர்நாடி இதுதான். கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுச் சாக்ஐ சால்மன் பிடிப்பை வைத்து அதை அவர் செய்து காட்டினார்.

வலையைத் தயார் செய்தல்

வலை சரியில்லையென்றால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. அதனால் இந்தக் கட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கண்ணி தவிர மற்ற எல்லாம் இரண்டு வலையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தங்கூசி (ஒற்றை இழை நைலான்), இன்னொன்று முறுக்கு நூல் என்றால் ஒப்பிடவே கூடாது. தங்கூசி தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, பிடிக்கும் விதமே வேறு. நூல் தடிமன், நிறம், கயிற்றில் சுருக்கிக் கட்டும் விகிதம், மிதவை, ஈயக்குண்டு எல்லாம் சமம். சுருக்கிக் கட்டும் விகிதம் என்றால் 100 மீட்டர் வலைத்துணியை எத்தனை மீட்டர் மேல்கயிற்றில் கட்டுகிறோம் என்பது. 50 மீட்டரில் கட்டினால் 0.5. இது குறையக் குறைய வலை தொளதொளவென்று ஆகி, சிக்குவது கூடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது உயரம். 50 மி.மீ. கண்ணியில் 100 கண்ணி ஆழம் என்றால் இழுத்த உயரம் 5 மீட்டர். 56 மி.மீ. கண்ணியிலும் 100 கண்ணி வைத்தால் 5.6 மீட்டர் வந்துவிடும். பெரிய கண்ணி வலை கூடுதல் தண்ணீரை மறைக்கும், கூடுதல் மீன் பிடிக்கும், அதை நாம் தெரிவுத்திறன் என்று தப்பாகப் படிப்போம். 56 மி.மீ. வலையில் 89 கண்ணியோடு நிறுத்துங்கள். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை, மீட்டர் சமமாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன கண்ணி அளவை எழுதிக்கொள்ளாதீர்கள். வலையை நனைத்து, ஒரு முடிச்சின் உள்பக்கத்திலிருந்து எதிர் முடிச்சின் உள்பக்கம் வரை இழுத்துப் பிடித்து, வலையின் பல இடங்களில் குறைந்தது 20 கண்ணி அளந்து சராசரி எடுங்கள். நைலான் நனைந்தால் அளவு சற்று மாறும். ஓரத்துக் கண்ணிகளையும் தைத்துச் சீர் செய்த இடங்களையும் விட்டுவிடுங்கள். ஆய்வு முடிந்த பிறகு இன்னொரு முறை அளங்கள்.

இரண்டு கண்ணிக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் வைப்பது? இரண்டு வலையிலும் ஒரே நீள மீன் கணிசமாக வர வேண்டும். 50-க்கு 56 என்பது 12 சதவீதம் கூடுதல், கானாங்கெளுத்திக்கு நன்றாக ஒத்துவரும். 50-க்கு 80 என்று போனால் இரண்டும் வெவ்வேறு மீனைப் பிடிக்கும். வகுக்க எதுவும் இருக்காது. 50-க்கு 51 என்று போனாலும் பயனில்லை, தற்செயல் ஏற்ற இறக்கத்தில் வித்தியாசம் மூழ்கிவிடும். கையில் பணம் இருந்தால் 44, 50, 56, 63 என்று நான்கு கண்ணி வையுங்கள். அப்படிப் பல கண்ணி வைக்கும்போது ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே பங்கு பெரிதாக இருப்பது நல்லது.

கடலில்

வலைத் துண்டுகளை ஒரே கயிற்றில் வரிசையாகக் கோர்த்து விடலாம். அடுத்தடுத்த துண்டுகளுக்கு நடுவில் சில மீட்டர் இடைவெளி விடுங்கள். சின்னக் கண்ணியில் முட்டித் திரும்பிய பெரிய மீன் வலையை ஒட்டியே நீந்திப் பக்கத்து வலையில் போய் விழுவதை அது குறைக்கும். எந்தத் துண்டு முதலில், எது கடைசியில் என்பதை ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். வரிசை மாறாமல் இருந்தால், கரைப்பக்கம் எப்போதும் 50, ஆழப்பக்கம் எப்போதும் 56 என்று ஆகிவிடும். கரைப்பக்கம் சின்ன மீன் கூடுதலாக இருந்தால் அந்தப் பழி கண்ணி மேல் விழும்.

வலை தண்ணீரில் இருக்கும் நேரமும் சமம். மீன் அதிகம் நிறைந்துவிட்டால் வலை பளிச்சென்று தெரியும், மற்ற மீன் விலகும், அதனால் கூட்டம் பெருத்த நாளில் நேரத்தைக் குறைப்பது நல்லது. பருவம் முழுவதும் பரவுகிற மாதிரி பல முறை போக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உண்டு. நாட்டுப்படகில் போவதானாலும் ஆய்வுக்கு முன்பே மீன்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

மீனைக் கழற்றும்போது

வலையைக் கடலிலிருந்து இழுத்து வாங்கும்போது மீனை உதறிக் கொட்டவிடாதீர்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் தனிப் பெட்டி வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். வலை வாங்குகிறவர்களுக்கு இது கூடுதல் நேரம், கூடுதல் உழைப்பு. அதற்கான கூலியை முதலிலேயே பேசிவிடுவதுதான் முறை.

கழற்றிய கானாங்கெளுத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூல் இறுகிய இடத்தில் உடம்பைச் சுற்றி ஒரு கோடு பதிந்திருக்கும். செதில் உரிந்து, பளபளப்புப் போய், சில மீனில் ரத்தம் கட்டி நிற்கும். அந்தக் கோடு செவுள் மூடியின் ஓரத்தை ஒட்டி இருந்தால் அது செவுளில் மாட்டியது. ஒரு விரல் பின்னால் தள்ளி, முதுகுத் துடுப்பின் அடியில் இருந்தால் உடம்பு இறுகியது. கோடே இல்லாமல் வாயோரம் கீறியிருந்தால் சிக்கியது. முழுநீளமான நூல் ஒன்றை அந்தக் கோட்டின் மேல் சுற்றி, இறுக்காமல், தொங்கவிடாமல் பிடித்து, அளவுகோலில் வைத்துப் படியுங்கள். அந்த மீன் எந்தச் சுற்றளவில் நின்றது என்பது நேராகக் கிடைத்துவிடும். கண்ணியின் சுற்றளவைவிட அது சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் உடம்பு அமுங்குகிறது, நூலும் கொஞ்சம் நீள்கிறது. இந்த ஒரு அளவு பின்னால் கணக்கைச் சரிபார்க்கப் பெரிய துணை.

நீளத்துக்கு வருவோம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பதா, வால் பிளவு வரை அளப்பதா என்று முதல் நாளே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். செவுள் ஓரச் சுற்றளவு, உடம்பின் பெருத்த இடச் சுற்றளவு இரண்டையும் எல்லா மீனிலும் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நீள வகுப்பிலும் சில மீனில் எடுத்தால் போதும். சினை உள்ள மீன் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். சினை முற்றிய மீனுக்கு வயிறு பெருத்திருக்கும், அதே நீளத்தில் சீக்கிரம் மாட்டும்.

கணக்கு: படிப்படியாக

கணக்கைக் காட்டுவதற்காக நானே அமைத்த எண்கள் இவை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. சின்ன வலை 5.0 செ.மீ. கண்ணி, பெரிய வலை 5.6 செ.மீ. கண்ணி. மீனை 1 செ.மீ. வகுப்புகளாகப் பிரித்திருக்கிறோம், எழுதியிருப்பது ஒவ்வொரு வகுப்பின் நடு நீளம்.

| நடு நீளம் (செ.மீ.) | சின்ன வலை | பெரிய வலை | விகிதத்தின் மடக்கை |
|---|---|---|---|
| 19.5 | 86 | 12 | −1.97 |
| 20.5 | 148 | 44 | −1.21 |
| 21.5 | 151 | 88 | −0.54 |
| 22.5 | 105 | 124 | 0.17 |
| 23.5 | 40 | 97 | 0.89 |
| 24.5 | 14 | 64 | 1.52 |
| 25.5 | 3 | 22 | சேர்க்கவில்லை |

முதல் படி: ஒவ்வொரு வகுப்பிலும் பெரிய வலையின் எண்ணிக்கையைச் சின்ன வலையின் எண்ணிக்கையால் வகுத்து, இயல் மடக்கை எடுங்கள். 19.5-இல் 12-ஐ 86-ஆல் வகுத்தால் 0.1395, அதன் இயல் மடக்கை −1.97. கடைசி வரியில் சின்ன வலைக்கு மூன்றே மீன். ஒரு மீன் கூடக் குறைய வந்தால் விகிதமே தலைகீழாகும் என்பதால் அதை விட்டுவிட்டேன். இரண்டு வலையிலும் பத்து மீனாவது இருக்கிற வகுப்பை மட்டும் எடுப்பது என் வழக்கம்.

இரண்டாம் படி: நீளத்தைக் கிடை அச்சிலும் மடக்கையைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். கணக்குக்குள் போகும் முன் இந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்க்கோட்டில் ஏறினால் ஹோல்ட் முறை பொருந்துகிறது. மேலே போய்க் கோடு வளைந்து படுத்துவிட்டால், பெரிய மீன் சிக்கி வருகிறது என்று அர்த்தம். அங்கே இந்த முறையை நிறுத்திவிட வேண்டும். நம் எண்களில் புள்ளிகள் நேராகவே ஏறுகின்றன.

மூன்றாம் படி: அந்தப் புள்ளிகளுக்கு நேர்க்கோடு பொருத்துங்கள். எக்செல்லில் ஸ்லோப், இன்டர்செப்ட் என்ற இரண்டு சூத்திரங்களே போதும். சாய்வு 0.699, வெட்டு (கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்) −15.56 என்று வரும். சாய்வு நேர்ம எண்ணாகவும் வெட்டு எதிர்ம எண்ணாகவும் இருக்க வேண்டும். மாறி வந்தால் இரண்டு வலையின் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நான்காம் படி: தெரிவுக் காரணி. வெட்டை −2-ஆல் பெருக்கி, சாய்வையும் இரண்டு கண்ணிகளின் கூட்டுத்தொகையையும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். மேலே 31.12. கீழே 0.699 × 10.6 = 7.41. வகுத்தால் 4.20. கண்ணி 1 செ.மீ. கூடினால் உச்ச நீளம் 4.2 செ.மீ. கூடும் என்பது இதன் பொருள்.

ஐந்தாம் படி: உச்ச நீளம். தெரிவுக் காரணியைக் கண்ணியால் பெருக்குங்கள். சின்ன வலைக்கு 4.2 × 5.0 = 21.0 செ.மீ. பெரிய வலைக்கு 4.2 × 5.6 = 23.52 செ.மீ.

ஆறாம் படி: வளைகோட்டின் அகலம். தெரிவுக் காரணியை இரண்டு கண்ணிகளின் வித்தியாசத்தால் பெருக்கிச் சாய்வால் வகுங்கள்: 4.2 × 0.6 ÷ 0.699 = 3.61. இது திட்ட விலக்கத்தின் வர்க்கம். வர்க்கமூலம் எடுத்தால் 1.9 செ.மீ.

ஏழாம் படி: எந்த நீளத்துக்கும் மாட்டும் வாய்ப்பு. அந்த நீளத்துக்கும் உச்ச நீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, 3.61-இன் இரு மடங்கான 7.22-ஆல் வகுத்து, எதிர்மக் குறி போட்டு, எக்செல்லில் எக்ஸ்ப் சூத்திரத்தில் இடுங்கள். 5.0 கண்ணியில் 18 செ.மீ. மீனுக்கு: வித்தியாசம் 3, வர்க்கம் 9, வகுத்தால் 1.25, விடை 0.29. உச்ச நீள மீன் 100 மாட்டுகிற இடத்தில் இந்த நீள மீன் 29 மாட்டும். இது உச்சத்தோடு ஒப்பிட்ட அளவுதானே தவிர, வலையை எதிர்கொண்ட மீனில் நூற்றுக்கு 29 என்று படித்துவிடக் கூடாது. உச்ச நீள மீனிலும் எத்தனையோ வலையைப் பார்த்து விலகிப் போகும். அந்த எண்ணிக்கையை இந்த முறை தராது.

விடை சரிதானா

பலர் ஏழாம் படியோடு எழுந்துவிடுகிறார்கள். உண்மையான சோதனை இனிமேல்தான்.

ஒவ்வொரு வலையின் எண்ணிக்கையையும் அதன் வாய்ப்பால் வகுத்தால் கடலில் இருந்த மீனின் ஒப்பீட்டு எண்ணிக்கை வர வேண்டும். இரண்டு வலையும் ஒரே கூட்டத்தைச் சந்தித்தவை, அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். 19.5 செ.மீ.க்குச் சின்ன வலை: 86 ÷ 0.732 = 117. பெரிய வலை: 12 ÷ 0.107 = 112. 22.5-க்கு 143, 143. 24.5-க்கு 76, 73. நன்றாக ஒத்துப்போகிறது. உங்கள் எண்களில் ஒரு வலை எல்லா நீளத்திலும் ஒரே பங்கு கூடுதலாகக் காட்டினால், அந்த வலை மொத்தத்தில் கூடுதலாகப் பிடிக்கிறது: உயரமோ நேரமோ சமமாக இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் விலகினால் வளைகோட்டின் வடிவம் தப்பு.

இரண்டாவது சோதனை சுற்றளவு. 5.0 கண்ணியின் சுற்றளவு 10 செ.மீ. கணக்கு சொல்லும் உச்ச நீளமான 21 செ.மீ. மீனின் பெருத்த இடச் சுற்றளவு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், செவுள் ஓரச் சுற்றளவு அதைவிடக் குறைவாகவும் இருக்கிறதா என்று உங்கள் நூல் அளவில் பாருங்கள். இருந்தால் கணக்கும் மீனும் ஒரே கதையைச் சொல்கின்றன. இல்லாவிட்டால் நான் மீனைத்தான் நம்புவேன்.

மூன்று நான்கு கண்ணி இருந்தால்

ஹோல்ட் முறை இரண்டிரண்டு வலையாகத்தான் பார்க்கும். நான்கு கண்ணி இருந்தால் அடுத்தடுத்த மூன்று சோடிகளும் மூன்று காரணி தரும். எல்லா வளைகோட்டுக்கும் ஒரே அகலம் என்று அது எடுத்துக்கொள்வதும் ஒரு குறை. பாரனோவ் கொள்கைப்படி பார்த்தால் கண்ணி பெருக்கப் பெருக்க அகலமும் பெருக வேண்டும்.

இதற்கு நியூசிலாந்தின் ரஸ்ஸல் மில்லர் 1992-இல் செலக்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார். 1997-இல் அது செவுள் வலைக்கு எளிதாகப் பயன்படும் வடிவத்தில் வெளியானது. எல்லாக் கண்ணியின் எண்ணிக்கையையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு, அகலம் மாறாத மணி வடிவம், கண்ணியோடு அகலம் மாறும் மணி வடிவம், வலப்பக்கம் நீண்ட மடக்கை வடிவம், இரண்டு மேடுள்ள வடிவம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ட்ராப்ஃபிஷ்ஆர் என்ற இலவசத் தொகுப்பில் ஹோல்ட் முறை, மில்லர் முறை இரண்டுமே இருக்கின்றன.

எந்த வடிவத்துக்குப் பிழை குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதாது. இரண்டு மேடு வடிவத்துக்குக் கூடுதல் அளவுருக்கள் உண்டு, பிழை எப்போதும் குறைவாகவே காட்டும். வலை, நீளம் என்று இரண்டு அச்சிலும் மிச்சங்களை, அதாவது உண்மையில் வந்த எண்ணுக்கும் கணக்கு சொன்ன எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களை, வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க நேர்மமாகவோ எதிர்மமாகவோ குவிந்திருந்தால் வடிவம் பொருந்தவில்லை. கழற்றும்போது மாட்டிய வகையைக் குறித்திருந்தால் இங்கே உதவும். சிக்கிய மீனே இல்லாத இனத்துக்கு இரண்டாவது மேடு தேவையில்லை.

நிச்சயமின்மையைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ஆயிரம் மீன் அளந்ததால் ஆயிரம் தனித்தனிச் சான்று என்று ஆகாது. ஒரே முறை வலையில் விழுந்த மீன்கள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே மீனை மட்டும் மறுபடி மறுபடி குலுக்கி எடுத்தால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகும். முதலில் எந்தெந்த நாள் பிடிப்பு என்று குலுக்கி எடுத்து, பிறகு அதற்குள் மீனைக் குலுக்கி எடுத்து, முழுக் கணக்கையும் ஆயிரம் முறை ஓட்டுங்கள்; விடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து பிழை வரம்பு கிடைக்கும்.

விடையை வைத்து என்ன செய்வது

நீளப் பட்டியலைத் திருத்துவது முதல் பயன். இரண்டு வலையின் எண்ணிக்கையைக் கூட்டி, இரண்டு வாய்ப்பின் கூட்டுத்தொகையால் வகுத்தால் திருத்திய எண் கிடைக்கும். 19.5-க்கு 98 ÷ 0.839 = 117. வாய்ப்பு மிகக் குறைந்த ஓரங்களில் இதைச் செய்யாதீர்கள். 0.02-ஆல் வகுத்தால் ஒரு மீன் ஐம்பது மீனாகிவிடும்.

கண்ணியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது பயன். உங்கள் கடலில் கானாங்கெளுத்தி 19 செ.மீ.யில் முதல் முறை முதிர்கிறது என்று நீங்கள் கண்டதாக வையுங்கள். 19 செ.மீ. மீன் உச்சத்தில் கால் பங்குக்கு மேல் மாட்டக் கூடாது என்று மீனவர் சங்கத்தில் முடிவாகிறது. கால் பங்கு வர, உச்ச நீளம் 19-ஐவிட 3.16 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். அதாவது 22.16 செ.மீ. அதை 4.2-ஆல் வகுத்தால் 5.28 செ.மீ.; கண்ணி 53 மி.மீ. நாம் சோதித்த 50-க்கும் 56-க்கும் நடுவில் விழுவதால் இந்த விடையை நம்பலாம். 70 என்று வந்திருந்தால் நம்ப மாட்டேன், புதிதாக வலை விட்டுப் பார்க்கச் சொல்வேன்.

சட்டப்படியான குறைந்தபட்ச நீளத்தோடும் ஒப்பிடலாம். கேரளத்தில் கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ., மத்திக்கு 10 செ.மீ. என்று விதி இருக்கிறது. நம் உதாரண வலையில் 14 செ.மீ. மீனுக்கு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. சரியான கண்ணியுள்ள செவுள் வலை குஞ்சைத் தொடுவதில்லை என்று மீனவர்கள் சொல்வதற்கு எண்ணாலான ஆதாரம் இப்படித்தான் கிடைக்கிறது. அந்த ஆதாரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இழுவை வலைக்கு வேறு வழி

இழுவை வலையில் பெரிய மீன் தப்பாது. அதனால் மணி வடிவம் இல்லை. சின்ன மீனுக்குப் பூஜ்யத்தில் தொடங்கி, ஏறி, பெரிய மீனுக்கு ஒன்றில் நின்றுவிடும் வளைகோடு. வலையின் கடைசிப் பைக்கு மேல் நெருங்கிய கண்ணியுள்ள ஒரு உறையைப் போர்த்தி இழுத்தால், பையில் நின்றது, தப்பி உறையில் விழுந்தது இரண்டும் கிடைக்கும். ஒவ்வொரு நீளத்திலும் நின்ற பங்கைத் தப்பிய பங்கால் வகுத்து மடக்கை எடுத்துக் கோடு பொருத்துங்கள். வெட்டின் எதிர்மத்தைச் சாய்வால் வகுத்தால் பாதி மீன் நிற்கும் நீளம் வரும். 2.197-ஐச் சாய்வால் வகுத்தால் கால் பங்கு நிற்கும் நீளத்துக்கும் முக்கால் பங்கு நிற்கும் நீளத்துக்கும் உள்ள இடைவெளி. சாய்வு 0.8, வெட்டு −9.6 என்றால் பாதி நிற்கும் நீளம் 12 செ.மீ., இடைவெளி 2.75 செ.மீ. கண்ணி 4 செ.மீ. என்றால் தெரிவுக் காரணி 12 ÷ 4 = 3.0.

உறை பையின் மேல் படிந்து கண்ணியை மூடிவிடக் கூடாது. வளையம் வைத்து விலக்கி நிறுத்துவது வழக்கம். சாய்சதுரக் கண்ணி இழுவிசையில் நீண்டு மூடிக்கொள்ளும், பிடிப்பு சேரச் சேர இன்னும் மூடும். சதுரக் கண்ணி திறந்தே நிற்கும். ஒரே அளவு சொல்லி இரண்டு வகைக் கண்ணியை ஒப்பிட்டால் தவறான முடிவுதான் வரும்.

எழுதிவைக்கும்போது

தெரிவுக் காரணி 4.2 என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படாது. நனைத்து அளந்த கண்ணி, நூலின் வகையும் தடிமனும், சுருக்கிக் கட்டிய விகிதம், வலை உயரம், தண்ணீரில் இருந்த நேரம், கடலின் ஆழம், மாதம், மொத்த நீளமா வால் பிளவு நீளமா என்பது, சினை மீனின் பங்கு, எத்தனை முறை வலை விட்டது, சேர்க்காமல் விட்ட நீள வகுப்புகள் இத்தனையும் கூடவே வர வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் நீளவாரியான மூல எண்ணிக்கைப் பட்டியலையும் அப்படியே இணைத்துவிடுங்கள். ஃப்ரேசர் ஆற்று சால்மன் பட்டியல் எட்டுக் கண்ணிக்கும் முழுமையாக அச்சில் இருந்ததால்தான், ஹோல்ட்டுக்குப் பல ஆண்டு கழித்து வந்தவர்கள் தங்கள் புது முறையை அதே எண்களில் போட்டுப் பார்க்க முடிந்தது.